உள்துணி என்று எழுதியவள்

என்னிடம் எல்லோரும் முதலில் கேட்பது பயில்வானின் மார்பளவைத்தான். நான் இப்போது ஆங்கிலத் தட்டச்சு பழகும் நிலையத்தில், பள்ளி முடித்துவிட்டு வந்த பெண்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். பயில்வான் என்று ஊர் அழைக்கும் நடிகர் வஜ்ரவேலனின் அலுவலகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவள் நான் என்று தெரிந்த நாளிலிருந்து அவர்கள் என்னைச் சும்மா விடுவதில்லை. நூற்றுப் பதினாறு சென்டிமீட்டர் என்று சொல்வேன். அவர்களுக்கு அது அங்குலத்தில் வேண்டும். நான் மாற்றிச் சொல்வதில்லை. என் பதிவேட்டில் சென்டிமீட்டர்தான் இருந்தது.

இருபத்தைந்து வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் சிரிக்கிறார்கள். பிரெஞ்சில் எழுதியதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. இப்போது காகிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் போகின்றன. நான் பார்த்த வேலை இனி இந்த ஊரில் யாருக்கும் இல்லை. அதை ஓய்வு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

பயில்வான் தாவியதெல்லாம் அவரே தாவியது என்று அந்தப் பெண்கள் நம்புகிறார்கள். ஊரில் சில மாதங்களாக வேறு பேச்சு நடக்கிறது: அவர் ஒரு தாவல்கூடத் தாவவில்லை, எல்லாம் ஏமாற்று என்று. இரண்டும் தவறு. சரியானதை எழுத என்னைவிடத் தகுந்தவர் இல்லை. ஏனென்றால் தவறாக எழுதியவளே நான்தான்.

என் அப்பா முதலியார்பேட்டையில் குடியிருந்து பஞ்சாலைக்குப் போனவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். மடத்துக் கன்னிமார் நடத்திய பள்ளியில் பிரெஞ்சில் படித்தேன், நன்றாகவே படித்தேன். காலையில் இலக்கணம், மதியம் தையல். இரண்டிலும் எனக்கு முதல் பரிசு. நான் பரீட்சை தேறிய வருடம் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. என் பிரெஞ்சை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வாய் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். கேட்டது அக்கறையில் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். மூன்றே மாதத்தில் வேலையோடு அவர்கள் முன்னால் நடந்தேன்.

வேலை கொடுத்தவர் முசியே லெயோன். பயில்வானின் நிர்வாகி அவர். கோர்ட்டில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவர். தமிழர்தான், தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் ஒரு வரி தமிழில் எழுதமாட்டார். எழுத வராது என்று அவரே சொல்வார். சிறு வயதிலிருந்து பிரெஞ்சில் மட்டும் எழுதிப் பழகிய கை என்பார். படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் அன்று எந்தக் காட்சி எடுத்தார்கள், எந்த உடை பயன்பட்டது, எது சேதமானது என்று ஒரு நீண்ட நோட்டில் ஊதா மையில் எழுதுவார். மறுநாள் காலை நான் அதைத் தமிழில் எழுத வேண்டும். என் தாள் சென்னையிலிருந்த படக் கம்பெனிக்குத் தபாலில் போகும். கார்பன் நகல் எங்கள் அலமாரியில் தங்கும்.

பயில்வானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் வைத்த பெயர் கோதண்டபாணி. மல்யுத்தம் செய்து, திருவிழாக்களில் வண்டிச் சக்கரத்தை ஒரு கையால் தூக்கிக் காட்டி, அதைப் பார்த்த ஒருவர் மூலம் சினிமாவுக்குப் போனவர். காட்டு ராஜா, கடற்கொள்ளைக்காரன், கோட்டைக்குள் குதித்து இளவரசியைத் தூக்கி வருபவன், இவைதான் அவர் வேடங்கள். வசனம் அவருக்கு வராது. உடம்புதான் பேசும். சென்னையில் மதுவிலக்கு இருந்ததால் வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் கம்பெனிக்காரர்கள் ஆசையோடு இங்கே வந்துவிடுவார்கள். பிள்ளைச்சாவடிப் பக்கம் கடற்கரையில் கோட்டையோ கப்பலோ கட்டி எடுப்பார்கள். பயில்வானின் சுவரொட்டிகளில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும்: டூப்பு இல்லாத வீரன். மற்ற நடிகர்களுக்காக வேறு ஆட்கள் தாவுவார்கள், இவர் தானே தாவுகிறார் என்று பொருள். கம்பெனியோடு செய்த ஒப்பந்தத்திலும் அது ஒரு நிபந்தனை. அதை நானே தமிழில் எழுதினேன்.

முசியே லெயோனிடம் வேலை பார்ப்பது எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். காலை எட்டரைக்கு வருவார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டி ஆணியில் மாட்டுவார். என் தாளை வாங்கி மேசை விளிம்போடு விளிம்பு பொருத்தி வைப்பார். மரஸ்கேலை எடுத்து முதல் வரிக்கு அடியில் வைப்பார். ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கும். எங்கே அது நிற்கிறதோ அங்கே தவறு இருக்கிறது. வாயால் சொல்லமாட்டார். ஸ்கேலை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். நான் குனிந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை, கயிறு என்பதற்கு வல்லின றகரம் போடாமல் இடையின ரகரம் போட்டிருந்தேன். ஸ்கேல் அங்கே நின்றது. தமிழ் எழுத வராதவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று அன்றே நான் நினைத்தேன். நினைத்ததை மனதில் குறித்தும் வைத்தேன்.

அவர் மேசையின் கீழறையில் பெரிய பிரெஞ்சு அகராதி ஒன்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சொல்லுக்காக அதைக் கேட்டேன். புன்னகை செய்தார்.

"அகராதி பார்க்கறவங்களுக்கு நான் வேலை கொடுக்கலை, மத்மாசேல். பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குக் கொடுத்தேன்."

அதன் பிறகு நான் கேட்கவே இல்லை. என்னைப் போன்ற ஒருத்தியிடம் இதைச் சொன்னால் சாகும்வரை கேட்கமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது வேறு விஷயம். அதை எட்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நோட்டில் அடிக்கடி வந்த ஒரு சொல் துப்ளூர். மதில் தாண்டுதல்: துப்ளூர். மரத்திலிருந்து குதித்தல்: துப்ளூர். எனக்கு அது பழகிய சொல். பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த கன்னியம்மா ஒவ்வொரு மதியமும் சொன்னது. சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் துணி. தையல்காரர் லைனிங் என்பார். நான் நல்ல தமிழில் உள்துணி என்று எழுதினேன். மதில் தாண்டுதல்: உள்துணி. தாண்டும்போது அடிபடாமல் இருக்க உடைக்குள் கூடுதலாகத் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அந்தச் சொல் வந்த முதல் தாளில் முசியே லெயோனின் ஸ்கேல் அந்த வரிக்கு அடியில் வந்தது. மற்ற வரிகளில் நின்றதைவிட ஒரு நொடி கூடுதலாக நின்றது. நான் குனியப் போனேன். அதற்குள் ஸ்கேல் இறங்கிவிட்டது.

என்னைப் படப்பிடிப்புக்கு அழைத்துப் போனதில்லை. பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்றார்கள். என் சந்தேகம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. பிறகு வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. பயில்வானின் உடைகள் எப்போதும் இரண்டிரண்டாகத் தைக்கப்பட்டன. ஒரே துணி, ஒரே மார்பளவு, ஆனால் இடுப்பளவு மட்டும் வேறு. வருடம் ஆக ஆக முதல் உடையின் இடுப்பு பெரிதாகிக்கொண்டே போனது. இரண்டாவது உடையின் இடுப்பு அப்படியே இருந்தது. படப்பிடிப்பு நாட்களில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் பின்வாசல் வழியாக வருவார். மெலிந்த இடுப்பு, அகலமான தோள். யாரோடும் பேசமாட்டார். அவர் போகும்போது அந்த இரண்டாவது உடைப்பெட்டியும் போகும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உடைகளின் உள்துணிக்குள் பிராந்தி பாட்டில்களை வைத்துத் தைத்துச் சென்னைக்குக் கடத்துகிறார்கள். துண்டு போட்டவர் கடத்தல்காரர். எல்லை தாண்டியதும் அங்கே காய்ந்துபோய்க் காத்திருக்கும் பெரிய மனிதர்களுக்கு அது போகிறது. எனக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. ஒரு மதியம் முசியே லெயோன் சாப்பிடப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து, கத்தரிக்கோலால் உள்துணிகளைப் பிரித்தேன். பாட்டில் இல்லை. சாதாரண மெல்லிய துணி. ஒன்றின் மடிப்பில் காய்ந்த மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. பயில்வான் முருகனுக்கு நேர்ந்துகொண்டு மீனைத் தொடாமல் விட்டவர். கடற்கரையில் காயப்போட்டிருப்பார்கள் என்று செதிலைத் தட்டிவிட்டேன். ஒரே ஒரு உடையில் மட்டும் உள்ளே கனமாகப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. பாட்டில் உடையாமல் இருக்க வைத்த பஞ்சு, பாட்டிலை எடுத்துவிட்டார்கள் என்று தீர்மானித்தேன். எல்லாவற்றையும் முன்பிருந்ததுபோலவே தைத்து வைத்தேன். தையலில் முதல் பரிசு வாங்கியவள் பிரித்துத் தைத்ததை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சரியான பெட்டியைத் திறந்து, சரியான இடத்தைப் பிரித்து, எல்லா அத்தாட்சியையும் கையில் வைத்துக்கொண்டு, தவறான ஆளைத் தேடியிருக்கிறேன்.

போன வருடக் கடைசியில் கடற்கொள்ளைக்காரன் படம் ஒன்று எடுத்தார்கள். பிள்ளைச்சாவடி மணலில் ஒரு கப்பல் கட்டினார்கள். பாய்மரத்தின் உச்சியிலிருந்து கயிற்றைப் பிடித்து மேல்தளத்துக்கு ஆடி வந்து குதிப்பது காட்சி. மறுநாள் காலை முசியே லெயோன் கொடுத்த நோட்டில் அந்தக் காட்சிக்கு எதிரே இரண்டே வரிகள் இருந்தன. நான் தமிழில் எழுதினேன்: உள்துணி இனிப் பயன்படாது. வேறு மாற்ற வேண்டும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் பூங்காவனம். வைத்திக்குப்பம், மீன் விற்பவர். கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் காலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முசியே லெயோன் இல்லை. அவர் இல்லாத நேரம் பார்த்தே வந்திருக்கிறார்.

அவர் சொன்னது இது. அவருடைய கணவர் கலிவரதன் ஆறு வருடமாகப் பயில்வானுக்காகத் தாவுகிறார். இதை யாரிடமும் சொல்வதில்லை என்று பயில்வானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அன்று பாய்மரத்தில் கட்டிய கயிறு அவிழ்ந்து விழுந்து இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்து கிடக்கிறார். வேடிக்கை பார்க்க வந்தவன் குடித்துவிட்டு ஏறி விழுந்தான் என்று கம்பெனி ஆட்கள் குப்பத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். குப்பத்துத் தலைவர்களான நாட்டார்கள் வைத்த ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலையில் அடிபட்டவர் எழுந்து நடக்கும்வரை அவருடைய பங்கு மீன் வீட்டுக்கு வந்துவிடும். குடித்து விழுந்தவருக்கு அது கிடையாது. கலிவரதன் படப்பிடிப்புக்குப் போன நாட்களில் எல்லாம் படகுக்கு வராமல் எங்கோ போய்விடுகிறார் என்றுதான் குப்பத்துக்குத் தெரியும். அதனால் கம்பெனி ஆட்கள் சொன்னதை எல்லோரும் நம்பிவிட்டார்கள். பங்கு நின்றுவிட்டது. கணவரோ வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று வாயைத் திறக்கவில்லை.

"நீங்கதான் எல்லாத்தையும் எழுதறவங்களாம். அன்னிக்கு அவரு வேலையிலதான் வுழுந்தாருன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நாட்டாருங்ககிட்ட காட்டணும். வேற எதுவும் நான் கேக்கல."

நான் அலமாரியைத் திறந்து நகலை எடுத்தேன். அவர் முன்னால் விரித்து வைத்துப் படித்துக் காட்டினேன். அன்று ஒருவரும் விழவில்லை என்றேன். ஒரு உள்துணி மட்டும் கிழிந்திருக்கிறது என்றேன். எழுதியது நான், என் தாளில் இல்லாதது நடந்திருக்காது என்றும் சொன்னேன். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பூங்காவனம் கோபப்படவில்லை. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எயுதப் படிக்கத் தெரியாதவ நான். பாக்கத் தெரியும். நாளைக்கு மேட்னி ஷோவுக்கு எங்கூட வாங்க. போன படம் இன்னும் ஓடுது. நான் காட்டறேன்."

போகவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. போனேன். இந்தப் பெண் எதற்காகப் பொய் சொல்கிறாள் என்று கண்டுபிடிக்கத்தான் போனேன்.

பெண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். கோட்டை மதில் காட்சி வந்தது. பயில்வான் மதில்மேல் நின்று மீசையைத் தடவினார். கொட்டகை விசிலடித்தது. பூங்காவனம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது அவரு மூஞ்சி. பாத்துக்கினே இரு... இப்ப முதுகு. இது எம் வூட்டுக்காரரு. கை பாரு, கீழ வரும்போது எடது கை பின்னால மண்ணைத் தொடும். கட்டுமரத்துலேர்ந்து எறங்கற பயக்கம். எத்தினி தடவ அடிச்சிருப்பேன், அந்தக் கையைக் கழுவாம சோத்துப் பானையைத் தொடாதன்னு. தோ, மறுபடியும் அவரு மூஞ்சி."

பின்னாலிருந்து யாரோ, படத்தைப் பார்க்க விடும்மா, வூட்டுக் கதையை வூட்டுல போய்ப் பேசு என்றார்கள். படம் முழுக்க அந்த இடது கையையே பார்த்தேன். முகம் தெரியும்போது இடுப்பு பெரியது. முதுகு தெரியும்போது இடுப்பு சிறியது. இரண்டு அளவையும் என் கையால்தான் எழுதியிருந்தேன்.

கொட்டகையிலிருந்து நேராக ஊர் நூலகத்துக்குப் போனேன். மூடுவதற்கு அரைமணி இருந்தது. பெரிய பிரெஞ்சு அகராதியைக் கேட்டு வாங்கினேன். எட்டு வருடத்தில் முதல்முறை. துப்ளூர்: ஆடையின் உட்புறம் வைத்துத் தைக்கும் துணி. அதற்கு அடியில் இரண்டாவது பொருள்: நாடகத்திலும் சினிமாவிலும் ஒரு நடிகருக்குப் பதிலாக நடிக்கும் ஆள்.

டூப்பு என்ற சொல் எனக்குத் தெரியும். துப்ளூர் என்ற சொல்லும் தெரியும். இரண்டும் ஒன்று என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஒருவர் அந்த நோட்டை வாய்விட்டுப் படிக்கக் கேட்டிருந்தால்கூட, என்ன டூப்பா என்று கேட்டிருப்பார். எனக்குத் தையல் வகுப்பு தெரிந்திருந்தது. உள்துணி இனிப் பயன்படாது, வேறு மாற்ற வேண்டும். முறிந்த எலும்போடு கிடந்த ஒருவரைப் பற்றி அதை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

மறுநாள் முசியே லெயோனின் மேசை முன் நின்றேன். அவர் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"முப்பது வருஷம் கோர்ட்டில் எழுதினவன் நான். பொய் ஒரு வரி எழுதினதில்லை. பாருங்க. துப்ளூர், துப்ளூர், துப்ளூர். ஆள் இருக்கான். நான் மறைக்கலை, மத்மாசேல். மறைச்சது உங்க தமிழ்."

"நீங்க படிச்சீங்களே. ஸ்கேல் வச்சு."

"வரி கோணாம இருக்கான்னு பார்த்தேன்."

"கயிறுல றகரத்தை நிறுத்தினீங்க."

அவர் பேனாவை மூடினார். மூடியை இரண்டு முறை திருகினார்.

"அந்த மீனவனுக்கு எழுதிக் கொடுக்கணும்னா கொடுங்க. ஆனா என்ன எழுதறீங்கன்னு யோசிச்சுக்குங்க. பிரெஞ்சு தெரியாத ஒருத்தி எட்டு வருஷம் பிரெஞ்சு வேலை பார்த்தான்னு உங்க கையாலயே எழுதறீங்க. சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகத்துக்கு என்கிட்ட நற்சான்று கேட்டிருக்கீங்க. அப்புறம் நான் எப்படி அதைத் தர முடியும்?"

அந்த வேலைக்கு நான் மனுப் போட்டிருந்தேன். ஆலை வாசலில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் அப்பா சொல்லிவிட்டிருந்தார், என் பொண்ணு சர்க்கார்ல பிரெஞ்சு எழுதப் போறா என்று. என்னிடமிருந்த சொத்து அந்தப் பிரெஞ்சு ஒன்றுதான்.

பயில்வானையும் பார்த்தேன். அவர் பின்கட்டில் கர்லாக்கட்டையை வைத்துக்கொண்டு, சுற்றாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் முகம் கறுத்தது. முதல் இரண்டு படத்தில் கீழே விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து உயரத்தில் நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றார். கலிவரதன் பெயரை எழுதச் சொல்லி நிர்வாகியிடம் பலமுறை கேட்டதாகவும், பிரெஞ்சில் இருக்கிறது என்று அவர் பதில் சொன்னதாகவும் சொன்னார். நீங்களே குப்பத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லலாமே என்று கேட்டேன். கம்பெனி ஒப்பந்தம், சுவரொட்டி, அடுத்த படம் என்று ஏதேதோ முனகினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்:

"நீ எழுதும்மா. எல்லாத்தையும் எழுது. ஆனா அந்தக் கெணத்து மேல தாண்டினது மட்டும் நான். அது ஒண்ணு என்னுது."

நான் நம்பவில்லை. ஒருவர் இடுப்பு முறிந்து கிடக்கும்போதுகூட இவருக்கு ஒரு தாவல் வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். முசியே லெயோனின் நோட்டில் கிணற்றுக் காட்சிக்கு எதிரேயும் துப்ளூர் என்றுதான் இருந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தது கலிவரதனைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. முசியே லெயோன் என்னை ஏன் வேலைக்கு எடுத்தார்? அன்று வந்திருந்தவர்களில் ஆண்கள் நான்கு பேர் இருந்தார்கள். சினிமா பார்த்தவர்கள், நாடகக் கொட்டகை தெரிந்தவர்கள். என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, பள்ளியில் எதில் பரிசு வாங்கினீர்கள் என்பது. நான் பெருமையோடு சொன்னேன். தையல் என்று சொன்னதும் அவர் ஏதோ குறித்துக்கொண்டார். இதற்கு இரண்டு விதமாகவும் பொருள் சொல்லலாம். எந்த விதம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாம் நாள் எல்லாக் கார்பன் நகல்களையும் எடுத்து மேசைமேல் அடுக்கினேன். முசியே லெயோன் எதிரே உட்கார்ந்திருந்தார், தடுக்கவில்லை. அவருடைய மரஸ்கேலையே எடுத்தேன். தாவல், குதித்தல், தாண்டுதல் என்று வரும் ஒவ்வொரு வரியிலும் உள்துணி என்பதை ஒரே கோட்டில் அடித்து, அதன் மேல் கலிவரதன் என்று எழுதினேன். கிணற்றுக் காட்சியிலும் அப்படியே. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன்: மேற்படி தாள்களில் உள்துணி என்று நான் எழுதியிருந்தது ஒரு மனிதரை. பிரெஞ்சுச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியாததால் அவ்வாறு எழுதினேன். வைத்திக்குப்பம் கலிவரதன் பாய்மரத்திலிருந்து விழுந்தது வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான். முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தெரியாததால் என்ற சொல்லை எழுத நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொரு தாளே எழுதி முடித்திருக்கலாம்.

முசியே லெயோன் தாளை வாங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே பார்த்தார்.

"வரி நேரா இருக்கு," என்றார்.

அத்தோடு என் வேலை முடிந்தது. நற்சான்று வரவில்லை. சில மாதங்களில் அவரும் பிரான்சுக்குக் குடிபோய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

வைத்திக்குப்பத்துக்குக் காலையிலேயே போனேன். படகுகள் மணலில் ஏறியிருந்தன. மீன் விற்கும் சத்தம் அடங்கியபின் நாட்டார்கள் மூன்று பேர் ஒரு படகின் நிழலில் வந்து உட்கார்ந்தார்கள். கலிவரதனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து வைத்தார்கள். தலையில் துண்டு இல்லாமல் அவர் முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். எட்டு வருடத்தில் ஆறு வருடம் என் மேசையைக் கடந்து போனவர். நான் கடத்தல்காரர் என்று முடிவு கட்டி வைத்திருந்தவர்.

வெள்ளைத் தாளைப் படித்தேன். பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இரும்மா. ஆறு வருசமா ஆளு தாவியிருக்கான். இதுல அவன் பேருக்கு இன்னான்னு எழுதியிருந்த?"

"உள்துணி."

"துணியா?"

"லைனிங்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பூங்காவனமும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பு தாங்காமல் இடுப்பு வலித்துக் கலிவரதன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. நின்றுகொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைப் பார்த்துச் சிரித்து நான் நகராமல் நின்றது அந்த ஒருமுறைதான்.

சிரிப்பு ஓய்ந்ததும், மத்த தாளையும் படி என்றார் பெரியவர். படித்தேன். கோட்டை மதில் தாண்டுதல்: கலிவரதன். யானைமேலிருந்து குதித்தல்: கலிவரதன். எரியும் கூரையிலிருந்து குதித்தல்: கலிவரதன். ஒவ்வொரு வரிக்கும் குப்பத்துக்காரர்கள், அந்தப் படமா, அது இவனா என்று கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். பாய்மரம் வரை எல்லாத் தாளையும் படித்து முடித்தேன். பெரியவர் மற்ற இருவரையும் பார்த்தார். மூவரும் தலையை ஆட்டினார்கள். இன்னியிலேர்ந்து பங்கு வூட்டுக்குப் போவும், நின்னுபோன நாளுக்கும் சேத்துப் போவும் என்றார்.

பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தாள்களை அடுக்கத் தொடங்கினேன். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"கெணத்துத் தாவலுக்கும் எம் பேருதான் படிச்சீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அது நான் இல்லம்மா. அன்னிக்குத்தான் எம் பொண்ணு பொறந்தா. நான் போவல. ஆளு வரலன்னதும் அவரே தாவிட்டாராம். தையக்காரருகிட்ட சொல்லி உள்ள பஞ்சு வச்சுத் தச்சுக்கினு, கண்ணை மூடிக்கினு தாவினேன்டான்னு அப்பாலே எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதாரு. அதை எம் பேருல வைக்காதீங்க."

அவர் வாய் தவறிச் சொல்கிறாரா, பயில்வான் சொல்லிக்கொடுத்துச் சொல்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெட்டியில் நான் பிரித்துப் பார்த்த அந்த ஒரே ஒரு பஞ்சு வைத்த உடை நினைவுக்கு வந்தது. அதில் பாட்டில் இருந்ததில்லை. பயந்த ஒருவர் இருந்திருக்கிறார்.

ஆக, எட்டு வருடத்தில் கிணற்றுக்கு எதிரே இருந்த அந்த ஒரு துப்ளூரை மட்டும் நான் சரியாக மொழிபெயர்த்திருந்தேன்.

படகின் பக்கப் பலகைமேல் தாளை வைத்தேன். ஸ்கேல் இல்லை. கையாலேயே நேராகக் கோடு இழுத்துக் கலிவரதன் என்பதை அடித்தேன். அதற்கு மேல் இருந்த கொஞ்சம் இடத்தில், மறுபடியும் உள்துணி என்று எழுதினேன்.